நாலு கிணறும் ஒரு கோப்பும்

நீர்வேலிச் சபாரத்தினத்தின் மகள் தனுசியா இருந்த இடத்தில் இருந்ததைக் கண்டவர்கள் குறைவு. வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து போன அந்த மாரியில், சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள், வாங்கு மேசைகளை அடுக்கிச் சீலை கட்டி மறைத்த மூலையில் பிறந்தவள். தாய் கமலாவதி இன்றைக்கும் அதைத்தான் சாட்டாகச் சொல்லுவாள். ரோட்டில் பிறந்தது ரோட்டில்தான் நிற்கும் என்பாள். சின்னனில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாழைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துதான் பாடமாக்குவாள். கதிரையில் இருத்தினால் கால் ஆடும். கால் ஆட்டினால் வீட்டுக்குக் கூடாது என்று கமலாவதி முழங்காலில் தட்டுவாள். தட்டின கையை எடுக்க மற்றக் கால் ஆடத் தொடங்கும்.

கொரோனாக் காலத்தில் வகுப்புகள் எல்லாம் போனுக்குள் போனபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனம் நடத்தின சுற்றாடல் டிப்ளோமாவில் இவளும் சேர்ந்தாள். முகம் காணாத ஐந்து பேரை ஒரு குழுவாக்கி, எல்லாரும் சேர்ந்து ஒரு வேலை செய்து தரவேண்டும் என்றார்கள். மற்றவர் தொடங்கட்டும் என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, ஒருவரும் கதைக்கவும் இல்லை. கடைசி நாள் வந்து போனது. ஐந்து பேருக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதில் ஒரு பெட்டை அதோடு படிப்பையே விட்டுவிட்டாள் என்று பின்னர் கேள்விப்பட்டபோது, தனுசியா சோற்றுக் கோப்பையோடு எழும்பி முற்றத்தில் நடந்ததைக் கமலாவதி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதே நிறுவனம் பிறகு அவளையே குழுக்களைப் பார்க்கிற வேலைக்கு எடுத்தது. படிப்பிக்கிறது அவளுடைய வேலை இல்லை. ஆர் பின்னுக்கு நிற்கிறார், ஆர் ஆரோடு கதைக்கவில்லை, எந்த நாள் எல்லாருக்கும் வசதி என்று பார்த்துப் பார்த்து, ஆட்களைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற வேலை. கலியாண வீட்டில் பந்தல்காரன், சமையல்காரன், ஐயர், மேளம் எல்லாரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற தாய்மாமன் ஒருவர் இருப்பாரே, அவருடைய வேலைதான். தாய்மாமனுக்கு ஆட்களின் முகமாவது தெரியும். இவளுக்குப் போனில் கறுப்புக் கட்டமும் அதற்குள் பெயரின் முதல் எழுத்தும் மட்டுந்தான் தெரியும்.

இந்த வருஷம் அவளுக்குக் கொடுத்த குழுவில் நாலு பேர். வல்வெட்டித்துறைச் சுபாஸ் மூத்தவன், கடற்தொழில் வீட்டுப் பொடியன், கலியாணம் முடித்தவன். சாவகச்சேரிச் சாருஜா, கோப்பாய் ஜெசிதா, அளவெட்டிப் பிரவீணன் மற்ற மூன்று பேர். ஆளுக்கு ஆள் தங்கள் தங்கள் ஊரில் ஒரு கிணற்றைப் பிடித்து, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதவேண்டும். பிறகு நாலு ஊர்த் தண்ணீரையும் ஒப்பிட்டு ஒரே கட்டுரையாக்கித் தரவேண்டும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே புள்ளிதான் போடுவார்கள். ஒருவருடைய பங்கு வெறுமையாகக் கிடந்தாலும் கோப்பை ஏற்கமாட்டார்கள். நாலு பேரும் அந்த வருஷத்தைத் திரும்பப் படிக்கவேண்டும். தனுசியாவின் இருப்புக்கொள்ளாமை எல்லாம் அதில்தான் நின்றது. தனக்கு நடந்தது இந்த நாலு பேருக்கும் நடக்கக் கூடாது.

அந்தக் கோப்பு போனுக்குள் இருக்கிற ஒன்று. நாலு பேரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே அதற்குள் போய் எழுதலாம், மற்றவர் எழுதினதைத் திருத்தலாம். திருத்துங்கள் என்றுதான் தனுசியாவும் சொன்னாள். எங்கள் ஆட்கள் திருத்துவார்களோ? சொல்லாமல் ஒருவரின் வளவுக்குள் இறங்கிப் பழக்கம் இல்லை. ஆளாளுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்து, மேலே பெயரைப் போட்டு, நடுவில் வெறும் இடம் விட்டு, வேலி அடைத்ததுபோல எழுதி வைத்தார்கள். மற்றவரின் பக்கத்தில் ஒரு காற்புள்ளிகூட ஒருவரும் போடவில்லை. பிழை கண்டால் தனுசியாவுக்குத் தனியாக வரும்.

“மிஸ், சுபாஸ் அண்ணையின்ரை கணக்கு ஒண்டு பிழைபோலைக் கிடக்கு. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ.” இது ஜெசிதா.

ஜெசிதா வலுகெட்டிக்காரிதான், ஆனால் எழுத்துக் கொஞ்சம் நீளம், நான் சொன்னதாக இருக்கக் கூடாது என்று சுபாஸ். சாருஜாவும் அப்படியே. நாலு பேரின் தூதும் இவளுடைய போனுக்குள்தான். நடந்து நடந்து தோட்டத்து வரம்பு தேய்ந்தது.

நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அது பட்டது. சபாரத்தினத்தின் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. சில குடும்பங்களுக்குப் பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை. உன் முறையில் தண்ணீர் இறைக்கிற மெசின் உன்னுடையது, தண்ணீர் உன்னுடையது, வாய்க்காலும் உன்னுடையது. மற்றவரின் முறையில் கரையிலும் கால் வைக்கமாட்டார்கள். அதேபோலக் கோப்புக்கும் முறை வைத்தாள். உங்கள் முறை வருகிற நாளில் கோப்பு முழுக்க உங்களுடையது, ஆருடைய பக்கத்திலும் இறங்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம், ஒருவரும் குறை நினைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டாள்.

அது பிடித்துப்போயிற்று. சுபாஸ் தன் முறையில் ஜெசிதாவின் நீளத்தைக் குறுக்கினான். ஜெசிதா தன் முறையில் அவனுடைய கணக்கைத் திருத்தினாள். சாருஜா வேலிகளைப் பிடுங்கிப் பக்கங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தினாள். காலையில் ஜெசிதா குழுவுக்குள் ஒரு பூப்படம் போட்டு வணக்கம் சொல்லுவாள். மற்றவர்களும் சொல்லுவார்கள். கடைசி முறை அளவெட்டிப் பிரவீணனுடையது. தன் கிணற்றை அவன் இன்னும் எழுதவில்லை. தன் முறையில் எழுதி, முடிவையும் எழுதி மூடுவதாகச் சொல்லியிருந்தான்.

அவனுடைய முறை வந்தது. பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

அவனுக்கு எடுத்தால் போன் நிற்பாட்டிக் கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. அன்றைக்குக் கமலாவதி அறைக் கதவைத் தட்டி, ஒரு செத்தவீட்டுக்குப் போகிறேன், வாறியோ என்று கேட்டிருக்கிறாள். தனுசியா போனைக் காதில் இருந்து எடுக்காமல், வேலை கிடக்கு அம்மா, நீங்கள் போங்கோ என்றிருக்கிறாள். ஆருடைய செத்தவீடு என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் செத்தவீடு இல்லாத கிழமை குறைவு.

அதற்கு அடுத்த நாள் நிறுவனத்தில் இருந்து பிரகலாதன் சேர் எடுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரத்தோடு கோப்பு பூட்டுப்படும், பிறகு தன்னாலும் திறக்க ஏலாது என்றார். போனை வைத்த கையோடு தனுசியா குழுவுக்குள் போட்டாள்: “பிரவீணன் தன் முறையைத் தவறவிட்டதால் அவருடைய பங்கைச் சுபாஸ் எடுத்து எழுதவும். இனித் தாமதம் வேண்டாம்.”

எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் கோடு காட்டியது. ஒருவரும் பதில் எழுதவில்லை. அடுத்த காலை ஜெசிதாவின் பூவும் வரவில்லை. சுபாஸுக்கு எடுத்தாள். “பாப்பம் மிஸ்” என்று வைத்துவிட்டான். சாருஜாவைத் தாய் கூப்பிடுகிறாளாம். ஜெசிதா எடுக்கவே இல்லை. தன்னுடைய பழைய குழுவும் இப்படித்தான் செத்தது. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. வாழைக்குள் நடந்தாள், படலையைத் திறந்து ரோட்டைப் பார்த்தாள், திரும்ப வந்து கோப்பைத் திறந்து அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது கால் ஆடியது. கமலாவதி கரண்டியால் மேசையில் தட்டினாள்.

“காலை ஆட்டாதை. செத்தவீட்டிலையும் உன்னைத்தான் கேட்டவை. எனக்கு வெக்கமாப் போச்சுது.”

“ஆர் கேட்டது?”

“உன்ரை வகுப்புப் பிள்ளையள்தான். சாவகச்சேரிப் பெட்டை ஒண்டு கிட்ட வந்து, நீங்கள் தனுசியா மிஸ்சின்ரை அம்மாவோ, போனிலை காணுற முகம் அப்பிடியே கிடக்கு எண்டுது. கோப்பாயிலை இருந்து ஒண்டும், வல்வெட்டித்துறைப் பொடியன் ஒருத்தனும் வந்து நிண்டவை. மிஸ் வரேல்லையோ எண்டு கேட்டுது.”

“எந்தச் செத்தவீடு அம்மா?”

“அளவெட்டி ஏரம்பர் வீடு. மகன் கனடாவாலை வந்துசேர ஏலாமப் போச்சு. மகளின்ரை பொடியன் பிரவீணன்தான் கொள்ளி வைச்சவன். உனக்குத் தெரியுமெண்டெல்லோ நான் நினைச்சன்.”

“நீங்கள் அந்தப் பெட்டைக்கு என்ன சொன்னியள்?”

“என்னத்தைச் சொல்லுறது? அவளுக்கு வேலை எண்டு சொன்னன்.”

தனுசியா கையைக் கழுவாமலே இருந்தாள். அன்றைக்குத்தான் அவளை அசையாமல் கண்டதாகக் கமலாவதி சொல்லுகிறாள்.

இப்போது எல்லாம் வெளித்தது. போனுக்குள் ஒரு நாளைப் பிடித்து ஒன்றுகூட ஏலாத மூன்று பேர், மூன்று ஊரில் இருந்தும் பஸ் ஏறி அளவெட்டிக்கு வந்து, செத்தவீட்டு முற்றத்தில்தான் முதன்முதல் ஒருவரை ஒருவர் கண்டிருக்கிறார்கள். செத்த செய்தி இவளுடைய குழுவுக்குள் வரவில்லை. இவள் இல்லாத வேறு ஒரு குழு அவர்களுக்கு இருந்திருக்கிறது. கலியாணத்துக்குச் சொன்னால்தான் போவோம், செத்தவீட்டுக்குச் சொல்லவே தேவையில்லை, கேள்விப்பட்டால் போகவேண்டும். தாய் வந்து நிற்க மகள் வராமல் நின்றது போதாது என்று, சாம்பல் ஆறமுதல் பொடியன் முறையைத் தவறவிட்டான் என்று எழுதி, அவனுடைய பங்கை எடுத்து மற்றவனுக்குக் கொடுத்தும் விட்டாள். பங்குக் கிணற்று முறையைக் கோப்புக்குக் கொண்டுவந்தவளுக்கு அந்த முறையின் மற்றப் பாதி மறந்துபோயிற்று. செத்தவீட்டுக்காரனின் முறையில் ஒருவரும் மெசின் போடமாட்டார்கள். பயிர் வாடினாலும் போடமாட்டார்கள். அவன் தானாக வந்து, என்னுடைய முறையை நீ இறை என்று சொன்னால்தான். சபாரத்தினத்தின் தகப்பன் செத்தபோது பக்கத்துத் தோட்டக்காரர் அப்படித்தான் காத்து நின்றார். அப்போது தனுசியாவுக்குப் பதினைந்து வயது, அவளே கண்டிருக்கிறாள்.

கமலாவதி எட்டுக்குத் தன்னோடு வரச் சொன்னாள். எட்டாம் நாள் படையலுக்கு இன்னும் நாள் கிடந்தது. தனுசியா அதுவரை பொறுக்கிற ஆளோ? ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள்.

உரும்பிராய், சுன்னாகம் கடந்து அளவெட்டிக்குள் போகும்வரை என்ன சொல்லுவது என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறாள். ஏரம்பர் வீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கதிரைகள் சுவரோடு அடுக்கிக் கிடந்தன. உள்ளே பாயில் ஏரம்பரின் மகள் அருந்ததி இருந்தாள். தனுசியா போய்ப் பக்கத்தில் இருந்தாள். செத்தவீட்டில் முதலில் வாய் திறக்கிறது வீட்டுக்காரர். வந்தவர் காத்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டில் இருந்து தேத்தண்ணி வந்தது. முழங்கால் ஆடப் பார்த்தது, இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள். பைக்குள் போன் உறுமியது. எடுக்காமல் பைக்கு மேலேயே கையை வைத்தாள்.

“நீர்தானோ அந்த மெசேஜ் போட்ட பிள்ளை?” என்று அருந்ததி கேட்டாள்.

“ஓம்.”

“பொடியன் போனைப் போட்டு, அதைப் பாத்துப்போட்டுத் திரும்ப நிப்பாட்டினவன்தான். அதுக்குப் பிறகு தொடேல்லை.”

“எனக்குத் தெரியாமப் போச்சுது. அம்மா வந்தவ. நான் ஆருடை செத்தவீடெண்டும் கேக்கேல்லை.”

“ஆர் உம்மடை அம்மா?”

“நீர்வேலிக் கமலாவதி.”

அருந்ததி நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கமலாவதியின் சின்னம்மாவை அளவெட்டியில் கட்டிக்கொடுத்தது ஏரம்பரின் தம்பிக்கு. அந்த வழியில் ஏரம்பர் கமலாவதிக்குப் பெரியப்பா, அருந்ததி தங்கச்சி, பிரவீணன் தனுசியாவுக்குத் தம்பி. அக்காவும் தம்பியுமான இரண்டு பேர் மாதக்கணக்காக ஒரு கோப்புக்குள் ‘மிஸ்’, ‘பிரவீணன்’ என்று எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“கமலாவதி அக்காவின்ரை மகளோ நீ?” என்றாள் அருந்ததி. பிறகு பின்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். “பிரவீணன், இஞ்சை வா. உன்ரை அக்கா வந்திருக்கிறா.”

மொட்டையடித்த தலையோடு பிரவீணன் வந்து தூணோடு நின்றான். போனில் இருந்த கறுப்புக் கட்டத்துக்கு இப்படி ஒரு முகம் என்று தனுசியா நினைக்கவில்லை, சரியான சின்னப் பொடியன். கோப்பைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றும் சொல்லவில்லை. செத்தவீட்டில் அது கேட்கிற கதை இல்லை என்று இப்போது தெரியும். அம்மப்பாவுக்கு என்ன வருத்தம் என்று மட்டும் கேட்டாள். நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, பகல் தோட்டத்துக்குள் நின்றவர், பின்னேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான் என்றான். பிறகு அவனே கோப்புக் கதையை எடுத்தான்.

“நான் எழுதாமல் விட்டது செத்தவீட்டுத் துடக்குக்காக இல்லை, மிஸ்.”

“விடும். அதை இப்ப கதைக்கவேண்டாம்.”

“இல்லை, கேளுங்கோ. கிணறு அளந்தது அண்டைக்கு விடியத்தான். அம்மப்பாதான் வாளி விட்டு அள்ளித் தந்தவர். தண்ணியை அளந்து இலக்கம் காட்டுற அந்தப் பேனையை அவரைப் பிடிக்கச் சொல்லி நான் படம் எடுத்தனான். கணக்கு எல்லாம் அந்தப் படங்களுக்குள்ளைதான் கிடக்கு. என்னாலை திறக்க ஏலாமக் கிடக்கு.”

போனை உயிர்ப்பித்து, கடவுச்சொல்லைப் போட்டு, திரையைப் பாராமல் அவளிடம் நீட்டினான். தனுசியா திறந்தாள். கிணற்றுக் கட்டு, வாளி, தண்ணீருக்குள் பாதி இறங்கின அந்தப் பேனை. அதைப் பிடித்துக்கொண்டு நரம்பு தெறித்த ஒரு கை, நகத்துக்குள் செம்மண். கடைசிப் படத்தில் கிழவரின் அரை முகமும் இருந்தது. இதை என்ன கோதாரிக்கடா எடுக்கிறாய் என்று கேட்கிற முகம்.

“சுபாஸ் அண்ணைக்கு எடுங்கோ” என்றான் பிரவீணன்.

எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே கடற்கரைச் சத்தம்.

“அண்ணை, நான் பிரவீணன். என்ரை முறையை நீங்கள் இறையுங்கோ. படங்கள் வரும். அதிலை இலக்கம் கிடக்கு. முடிவையும் நீங்கள் மூண்டுபேரும் எழுதுங்கோ.”



“நீ சொன்னாய் எண்டால் இறைக்கிறன்ரா தம்பி. அந்த மிஸ் சொன்னதுக்காக உன்ரை பக்கத்திலை நான் கால் வைக்கமாட்டன் எண்டுதான் இருந்தனான். அவவுக்கு இரத்தம் எண்டு ஒண்டு ஓடுதோ தெரியேல்லை.”

“மிஸ்சின்ரை கையிலைதான் அண்ணை போன் கிடக்கு.”

“கேட்டுதோ மிஸ்?” என்றான் சுபாஸ்.

“கேட்டுது. நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான்” என்றாள் தனுசியா.

அருந்ததி சீலைத் தலைப்பால் வாயை மூடினாள். அழுகையோ சிரிப்போ என்று சொல்ல ஏலாது.

போகும்போது போயிட்டு வாறன் என்று செத்தவீட்டில் சொல்லக் கூடாது. தனுசியா வெளிக்கிடும்போதும் வரும்போதும் வாய் ஓயாதவள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

செவ்வாயும் புதனும் கோப்புக்குள் கால் வைக்க இடம் இல்லை. முறை கிறை எல்லாம் போய்விட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அளவெட்டிப் பக்கத்தில் நின்றார்கள். சுபாஸ் படத்தைப் பார்த்து இலக்கங்களை எழுத, பின்னாலேயே ஜெசிதா கூட்டிப் பார்த்தாள். சாருஜா முடிவை எழுத, சுபாஸ் வெட்ட, அவள் திரும்பப் போட்டாள். தனுசியா தோட்டத்துக்குள் நடந்தபடி பார்த்துக்கொண்டு இருந்தாள், இடையில் ஒரு சொல்லும் போடவில்லை. படங்களைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் ஒரு தடங்கல் வந்தது. கையைத் தெரியாமல் வெட்டிவிட்டு அளவு காட்டும் பேனையை மட்டும் போடுவதுதான் ஒழுங்கு என்று ஜெசிதா எழுதினாள். சுபாஸும் சாருஜாவும் ஒன்றும் எழுதவில்லை. இது மூன்று பேரும் முடிவெடுக்கிற விஷயம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வியாழன் மத்தியானம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் பிரவீணன் வந்து, “கை நிக்கட்டும்” என்று எழுதிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னமே கோப்புப் போய்ச் சேர்ந்தது. பின்னேரம் பிரகலாதன் சேரிடம் இருந்து, நாலு பங்கும் நிறைந்திருக்கிறது, ஏற்றுக்கொண்டோம் என்று வந்தது. நாலாம் கிணற்றுப் படத்தில் ஒரு கை தெரிகிறது, அதற்கு விளக்கம் எழுதவில்லையே என்றும் கேட்டிருந்தார். கிணற்றின் சொந்தக்காரர் ஏரம்பர் என்று தனுசியா பதில் எழுதினாள்.

அவள் ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. சாருஜா அவளை வேறு ஒரு குழுவுக்குள் சேர்த்திருந்தாள். குழுவின் பெயர் ‘மிஸ் இல்லாத இடம்’. பழைய கதை ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. சேர்ந்த பிறகு வருவதுதான் தெரியுமாம், அந்தப் போனின் வழக்கம் அப்படி.

“அக்கா, உங்களை நாங்கள் வைஞ்சது ஒண்டும் உங்களுக்குக் காட்டாது. தப்பினம்” என்று சுபாஸ் போட்டிருந்தான்.

“பேரை மாத்தட்டோ அக்கா?” என்று சாருஜா கேட்டாள்.

“கிடக்கட்டும்” என்று ஈரக்கையோடு எழுதினாள் தனுசியா.

எட்டுக்கு அவள் கமலாவதியோடு போனாள், மற்ற மூன்று பேரும் வந்திருந்தார்கள். படையல் முடியும்வரை ஒரே பாயில் இருந்தார்கள். தனுசியாவின் கால் ஆட, ஜெசிதா பாராததுபோல முழங்காலில் தட்டினாளாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அடுத்த நாள் விடிய அவள் ஒரு காலில் செருப்போடு மற்றச் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள். புதுக்குழு ஒன்று கொடுத்திருந்தார்கள், ஐந்து பேர், அதில் ஒருவன் இரண்டு நாளாகக் கதைக்கவில்லை, வீடு கொடிகாமத்தில். இந்த முறை மெசேஜ் போடாமல் நேரே போய்ப் பார்த்துவிட்டு வருவம் என்று கமலாவதியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ‘மிஸ் இல்லாத இடம்’ குழுவுக்குள் ஜெசிதாவின் பூ வந்திருந்தது, செவ்வரத்தை. அதைப் பார்த்தபடியே மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள்.